இணைப்பு டேபிளுக்குத் தனி ஐடி எதற்கு?

டேட்டாபேஸ் வடிவமைப்பு பற்றிய கட்டுரை ஒன்று, எந்த மாணவர் எந்தப் பாடத்தில் என்று இணைக்கும் டேபிளில் தானாக ஏறும் ஐடி ஒன்றை வைத்து, அதையே பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது) ஆக்கச் சொல்கிறது. அந்த எண்ணை வைத்து யாரும் எதையும் தேடப்போவதில்லை. ஒரே மாணவர் ஒரே பாடத்தில் இரண்டு முறை பதிவாவதையும் அது தடுக்காது. (மாணவர் ஐடி, பாட ஐடி) ஜோடியையே பிரைமரி கீ ஆக்கினால் அந்தத் தலைவலி இல்லை.

ஆனால் அது பாதி வேலைதான். இந்த மாணவர் என்னென்ன படிக்கிறார் என்பது சட்டென்று வந்துவிடும். இந்தப் பாடத்தில் யார் யார் என்று கேட்டால் பெரும்பாலும் டேபிள் முழுக்கத் துழாவும். பிரைமரி கீயோடு வரும் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) மாணவர் ஐடி வரிசையில்தானே அடுக்கியிருக்கிறது! ஆகவே (பாட ஐடி, மாணவர் ஐடி) என்று திருப்பிப் போட்ட இன்னொரு இன்டெக்ஸ் வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி என்ற சேமிப்பு இன்ஜினில் பாட ஐடிக்கு மட்டும் போட்டாலே போதும்; மற்ற இன்டெக்ஸ்களோடு பிரைமரி கீயை அது தானே சேர்த்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அப்படி இல்லை. அங்கே ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் கட்டுப்பாடு) கொடுத்தால் இன்டெக்ஸும் கூடவே வரும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். வராது, நாம்தான் போட வேண்டும்.

அப்புறம், மதிப்பெண், வருகைப்பதிவு என்று வேறு டேபிள்கள் இந்த இணைப்பையே சார்ந்திருந்தால் தனி ஐடி வைப்பதில் தப்பில்லை. சரி, வையுங்கள், அந்த ஜோடிக்கு யுனீக் (ஒரே ஜோடி இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு) போட மட்டும் மறக்காதீர்கள்.