தேவதை என்று எழுதாதீர்கள்

அம்மா இறந்து இன்றோடு பத்தொன்பது நாள். கன்னங்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகை இன்னும் அவிழ்க்கப்படவில்லை. வெயிலில் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. 'சேவைத் தேவதை' என்ற எழுத்து மட்டும் சிவப்பாகவே நிற்கிறது. கட்டிய பிள்ளைகள் அன்பாகத்தான் கட்டினார்கள். காய்ச்சல் என்றால் முதலில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து நின்றவர்கள் அவர்கள். என் கோபம் அவர்கள்மேல் இல்லை, அந்தச் சொல்லின்மேல்.

தேவதைக்கு வேலை தெரிய வேண்டியதில்லை. அம்மாவுக்கு வேலை தெரியும்.

1979இல் ஏற்காட்டு மலையில் கிராம நர்ஸாகச் சேர்ந்தாள். துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5000 பேருக்கு ஒன்று, மலையில் 3000 பேருக்கு ஒன்று என்பது அரசுக் கணக்கு. மூவாயிரம் பேரும் ஒரே தெருவில் குடியிருந்தால் அது குறைவான வேலைதான். நாகலூர், மாரமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், ஒரு காப்பித் தோட்டம் இருக்கும், சில சமயம் ஒரு மலையே இருக்கும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று காலையில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மாவின் கவனமெல்லாம் மருந்துப் பெட்டிக்கு வைக்கும் நான்கு ஐஸ் பேக்குகளில் இருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டிக்குள் வைக்கவிட மாட்டாள். "வியர்க்கட்டும்" என்பாள். பிறகு ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்குவாள். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். மருந்து கெடுவது சூட்டினால் மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். முத்தடுப்பு ஊசி மருந்து உறைந்துபோனாலும் வீண்தான். மறுபடி உருகியதும் பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும். போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்ட குழந்தைக்கும் தெரியாது. மார்கழிக் குளிரில் மலைமேல் நின்றுகொண்டு மருந்து உறைந்துவிடுமோ என்று பயந்த ஒரே ஆள் என் அம்மாதான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அடுத்த சிக்கல் கூலி. அறுவடைக் காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு வந்தால் அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் அம்மா சாயங்காலம் காப்பிப் பழம் எடை போடும் இடத்துக்கே பெட்டியோடு போய் நின்றுவிடுவாள். எல்லாப் பெண்களும் மூட்டையோடு வரிசையில் நிற்கும் இடம் அது ஒன்றுதான். வேலை கெடுகிறது என்று ஒரு எஸ்டேட் மேலாளர் அவளை அங்கேயே சத்தம் போட்டார். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு என்று அப்போது நடப்பிலிருந்த 1951ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அம்மா சட்டம் பேசவில்லை. "நான் வரிசையைக் கலைக்கவில்லை, வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையின் தொடையைத் துடைத்தாளாம்.

2014 மார்ச் 27 அன்று இந்தியாவில் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மறுநாள் செய்தித்தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "அந்த ஐஸ் பேக்குக்கும் ஒரு சான்று கொடுத்திருக்கலாம்" என்றாள். பிறகு முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு ஓமலூர்ப் பக்கம் வேலை. அந்த வருடங்களைப் பற்றி அம்மா அதிகம் பேச மாட்டாள். பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதன்முதலாகத் தொடங்கியது நம் சேலத்தில்தான். ஏன் நம் மாவட்டத்தில் என்று நாம் பேசிக்கொள்வதே இல்லை. இரண்டாவதோ மூன்றாவதோ பெண் பிறந்த வீடு என்றால் அம்மா தொங்கு தராசைத் தூக்கிக்கொண்டு போவாள். எடை கொஞ்சம் குறைகிறது, நாளைக்கு மறுபடி பார்க்க வேண்டும் என்பாள். மறுநாளும் போவாள், அதற்கு அடுத்த நாளும் போவாள். குழந்தை எடையில் ஒரு குறையும் இருக்காது. தினமும் ஒருத்தி வந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போகிறாள் என்பது அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்தத் தராசு. ஒரு வீட்டுக்கு அப்படிப் போனபோது தூளிச் சேலை அவிழ்த்து மடித்து வைக்கப்பட்டிருந்ததாம். இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். என் மகள் பிறந்து பத்தாம் நாள், அவளைக் குளிப்பாட்டிக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அம்மாவின் தாராள குணத்தைப் பற்றி அஞ்சலிக் குறிப்புகளில் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாராளத்தின் இன்னொரு பக்கம் எனக்குத் தெரியும். மலையிலிருந்து பிரசவத்துக்காக சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு உறவுக்காரர்கள் இங்கே யாரும் கிடையாது. கூட வருகிறவர்கள் தங்க இடமும் கிடையாது. அதனால் எங்கள் முன்னறை அவர்களுடையது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நான் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். இயற்பியல் தேர்வுக்கு முந்தைய இரவு முன்னறையில் ஏழு பேர். ஒரு பாட்டி விடிய விடிய இருமினார். "நான் உன் பிள்ளையா, அவர்கள் உன் பிள்ளைகளா?" என்று கத்தினேன். அம்மா பதில் சொல்லவில்லை. பால் காய்ச்சினாள், முதல் டம்ளரை அந்தப் பாட்டிக்குக் கொடுத்தாள். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் உண்டு. தேவதையின் மகளாக இருந்தால் இந்த வருத்தத்தைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை.

மலைப் பெண்கள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ள, பிரசவக் காத்திருப்பு அறைகளை அரசே பின்னாளில் திறந்தது. செய்தியைப் பார்த்து அம்மாவைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். அம்மா தன் சம்பளத்தில் அரிசி வாங்கி வருடக்கணக்காக எங்கள் முன்னறையில் நடத்தியது அந்த அறையைத்தான். 'தியாகம்' என்று நீங்கள் எழுதும்போது எனக்கு உறுத்துவது இதுதான். அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால், அந்த அறை அதற்கு முன்பே ஏன் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முன்னறையை வாடகைக்கு விடலாம் என்கிறான் அண்ணன். எனக்கும் பாதி மனம் இருக்கிறது. போன வாரம் மஞ்சக்குட்டையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மருமகளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். "நர்சம்மா இருக்கிறார்களா?" என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிங்க அம்மா, நாங்கள் வராந்தாவிலேயே படுத்துக்கொள்கிறோம்" என்றார். வாருங்கள் என்றேன். மனம் நிறைந்து சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவரும் அவர் மனைவியும் அவருடைய வயதான தாயாருமாக மூன்று பேர் வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் படுக்க என்ன கொடுப்பது என்று நான் பீரோவைத் திறந்து போர்வை தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழவி நேராகச் சமையலறைக்குள் போய், முக்காலியை இழுத்துப் போட்டு, பரண்மேல் கையை விட்டு மூன்று பாய்களை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.