ராஜா இல்லாத நாட்கள்

கடவுளின் ஆளுகை இல்லாத வாழ்க்கை என்றதும் நமக்கு நாத்திகர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி ஐந்து அதிகாரங்களை இந்த வாரம் மறுபடி வாசித்தேன். அதில் ஒரு நாத்திகர்கூட இல்லை. எல்லார் வாயிலும் கர்த்தருடைய நாமம்.

எப்பிராயீம் மலைத்தேசத்து மீகா, பெற்ற தாயிடமே 1,100 வெள்ளிக்காசைத் திருடுகிறான். அவள் இட்ட சாபத்தைக் கேட்டபிறகு ஒப்புக்கொள்கிறான். உடனே அவனைக் கர்த்தரின் பேரில் ஆசீர்வதித்து, அதில் 200 காசை எடுத்து விக்கிரகம் செய்யக் கொடுக்கிறாள். வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு, உடுப்பு, சாப்பாடு என்று பேசி, தேவ ஊழியத்துக்குரிய கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு லேவியனை ஆசாரியனாக வைத்துக்கொண்டதும், இனி கர்த்தர் நன்மை செய்வார் என்று மீகாவுக்கு நிம்மதி. பின்னால் தாண் கோத்திரத்தார் 600 பேர் வந்து இதைவிடப் பெரிய இடம் காட்டியதும், அந்த லேவியன் சந்தோஷமாகச் சிலையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போய்விடுகிறான்.

இதுவரைக்கும் பணமும் பதவியும்தான். அடுத்து பென்யமீன் கோத்திரத்தாரின் ஊரான கிபியா. ராத்தங்கிய வீட்டைச் சூழ்ந்த ஊர்க் கூட்டத்திடம் வேறொரு லேவியன் தன் மறுமனையாட்டியை (இரண்டாந்தர மனைவியை) வெளியே விட்டுவிடுகிறான். விடியும்வரை அவளைச் சீரழித்தார்கள். காலையில் வாசற்படிமேல் கைவைத்துக் கிடந்தவளிடம் அவன் சொன்னது, "எழுந்திரு, போவோம்." அவள் பேர்கூட வேதத்தில் இல்லை. எத்தனை முறை வாசித்தாலும் அந்தக் கையைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

அதைக் கேட்க மற்ற கோத்திரத்தார் பென்யமீன்மேல் எழும்பிய போரில் முதல் இரண்டு நாள் சண்டையிலேயே இஸ்ரவேலர் 40,000 பேர் விழுந்தார்கள். பென்யமீனில் தப்பியவர்கள் 600 ஆண்கள். அவர்களுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று மற்றவர்கள் கர்த்தர்மேல் ஆணையிட்டாயிற்றே! சீலோவில் கர்த்தருடைய பண்டிகைக்கு நடனமாட வரும் பெண்களைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று மூப்பர்களே வழி சொன்னார்கள். ஆணை தப்பவில்லை. அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை.

புத்தகம் இப்படி முடிகிறது: "அந்நாட்களில் இஸ்ரவேலில் ராஜா இல்லை; அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்." தப்பென்று தெரிந்தே செய்தான் என்று எழுதவில்லை, கவனியுங்கள். அவன் கண்ணுக்கு அது சரியாகவே பட்டது. அளவுகோலே அவன் கையில் இருந்தால் வேறெப்படிப் படும்?

நம் வீடுகளிலும் பவுன் கணக்கைப் பேசி முடித்துவிட்டு ஜெபம்பண்ணித்தான் எழுந்திருக்கிறோம். ஜாதி பார்த்துத் தேடிவிட்டு, கர்த்தர் காட்டிய வரன் என்கிறோம். அப்படி ஒரு ஜெபத்துக்கு நானும் தலைகுனிந்து ஆமென் சொல்லியிருக்கிறேன். உள்ளறையில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.