பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டுகிறவர்களுக்கு

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாதிக்கு மேல் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்தோடுதான். நல்ல நாளில் இங்கே எல்லை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. கல்யாணம் முறிந்து குழந்தை யாரிடம் என்று கேஸ் வந்துவிட்டால் அப்போது தெரியும். ஒருவர் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் மனு போடுவார், இன்னொருவர் கோவையில் போடுவார். ஒரு மாநிலத்துக் கேஸை அடுத்த மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு இது ஆகிற காரியமா?

இதற்கு நம் சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனை: "மொதல்ல புள்ளைய தூக்கிட்டு வந்துரு, கேஸை அப்புறம் பார்த்துக்கலாம்." இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. 1890ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம். கேஸுக்காகப் போன வாரம் கொண்டுவந்து வைத்த வீட்டை எந்த நீதிபதியும் லேசில் அப்படி ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்பன்தான் காப்பாளர், அதனால் பிள்ளை அவனுக்குத்தான் என்று ஒரு கூட்டம் பேசும். அம்மா கேட்டால் கோர்ட் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடும் என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே தப்பு. 1956ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தகப்பனை முதல் காப்பாளர் என்றும், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973லேயே சொல்லிவிட்டது. சம்பளம் அதிகம் என்பதாலேயும் யாரும் ஜெயித்துவிட முடியாது. காசு இல்லாதவரிடம் குழந்தையை விட்டு, இருப்பவரை ஜீவனாம்சம் கட்டச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும்.

நலன் என்றால் என்ன? குழந்தை யாரிடம் ஒட்டுதலாக இருக்கிறது, காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள், எந்தப் பள்ளியில் படிக்கிறது, வீட்டில் அடிதடி உண்டா, இதெல்லாம்தான். எங்கள் பக்கத்துக்கு இன்னொன்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பேன்: படிக்கிற மொழி. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் ஐந்தாவது படிக்கிற பிள்ளையை நடுவருஷத்தில் மலையாளப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்தால், வீடு போனதோடு படிப்பும் கூட்டாளிகளும் சேர்ந்தே போகும். வக்கீல்கள் இதை மனுவில் எழுத வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் நீதிபதி தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அதற்கு முதல் நாள் ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொடுக்கிற தாத்தா பாட்டிகளை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. "அப்பா வேண்டாம்னு சொல்லு", "அம்மா அடிப்பான்னு சொல்லு." பெற்றவர்களில் ஒருவரை வெறுக்கும்படி பிள்ளையின் மனதைக் கலைப்பது எவ்வளவு கேடு என்பதை 2017ல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே விரிவாகப் பேசியிருக்கிறது. சொல்லிக்கொடுத்த பேச்சை அனுபவப்பட்ட நீதிபதி கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன பிள்ளை, அப்பா முகத்தை அடுத்த தடவை எப்படிப் பார்க்கும்?

பிள்ளை ஒருவரிடம் இருந்தாலும் மற்றவர் பார்க்க வரலாம், விடுமுறைக்குக் கூட்டிப் போகலாம், வீடியோ காலில் பேசலாம். 2020ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. வேலந்தாவளத்துக்கும் கோவைக்கும் பஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விட என்ன தடை? கோர்ட் வராந்தாவில் வைத்துப் பிள்ளையைக் கைமாற்றுவது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும்.

இப்போது கேஸில் இருப்பவர்களுக்கு ஒன்று. இந்த உத்தரவுகள் நிரந்தரமானவை அல்ல. நிலைமை மாறினால் மாற்றக் கேட்டு மறுபடி மனு போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் போய்க் கேளுங்கள், பாலக்காட்டிலும் உண்டு, கோவையிலும் உண்டு.