அகதிகள் வருகைக்கு முன்பே தொடங்கிய கட்சி

“ஜெர்மானியர்கள் பழைய கட்சிகளைக் கைவிட்டு ஏ.எஃப்.டி. என்ற வலதுசாரிக் கட்சியின் பக்கம் போனதற்கு 2015-ன் அகதிகள் வருகையே ஒரே காரணம்” என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். அக்கட்சி 2013 பிப்ரவரியிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. முன்னின்றவர் ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பெர்ண்ட் லுக்கே. அன்றைய முதன்மைக் கோரிக்கை யூரோ நாணய ஏற்பாட்டைக் கலைக்க வேண்டும் என்பதே. கிரேக்கத்தைக் கடன் கொடுத்துக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று அன்றைய ஜெர்மன் அரசுத் தலைவர் (சான்சலர்) ஆங்கெலா மெர்கல் சொல்லிவந்ததற்கு மறுமொழியாகத்தான் ‘ஜெர்மனிக்கான மாற்று’ (ஜெர்மன் மொழிச் சுருக்கம் ஏ.எஃப்.டி.) என்று பெயரும் சூட்டினார்கள். ஆளும் கூட்டணியும் எதிரணியிலிருந்த சமூக ஜனநாயகக் கட்சியும் யூரோ மீட்பு நிதி விஷயத்தில் பெரும்பாலும் ஒரே பக்கம் நின்றதால், அதை ஏற்காத வாக்காளருக்குப் பெரிய கட்சிகளுக்குள் போக்கிடம் இல்லாமற்போயிற்று.

அந்த ஆண்டு செப்டம்பர் தேர்தலில் ஏ.எஃப்.டி. 4.7 சதவீதம் பெற்று, நாடாளுமன்றத்தில் இடம்பெறத் தேவையான 5 சதவீதத்தை மயிரிழையில் தவறவிட்டது. அதனிடம் அதிக வாக்குகளை இழந்த, சந்தைப் பொருளாதாரம் பேசும் சுதந்திர ஜனநாயகக் கட்சியோ 4.8 சதவீதத்தோடு, 1949-க்குப் பின் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது.

2017 தேர்தலில் ஏ.எஃப்.டி.க்குக் கிடைத்த 12.6 சதவீதத்தில் அகதிகள் பிரச்சினைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்சிக்குள் மாற்றம் அந்தத் தேர்தலுக்கு வெகுமுன்பே வந்துவிட்டது: லுக்கே 2015 ஜூலையிலேயே தலைமைப் போட்டியில் தோற்றுக் கட்சியை விட்டு விலகிவிட்டார்.