கடைசிப் பக்கத்தில் எந்தக் கவிதை?

அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் கடைசிக் காலக் கவிதைகளைப் படிக்க அச்சுப் பிரதியே போதும், கையெழுத்துத் தாள்களைத் துருவுவது வீண் வேலை என்கிறார் யேட்ஸைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1939 ஜனவரியில் யேட்ஸ் இறந்தபோது விட்டுப்போன தாள்களில், கவிதைகளை எப்படி அடுக்க வேண்டும் என்று அவரே கைப்பட எழுதிய பட்டியல் ஒன்று இருந்தது. அதில் 'அண்டர் பென் பல்பன்' (பென் பல்பன் மலையடியில்) முதலில், 'பாலிடிக்ஸ்' (அரசியல்) கடைசியில். பின்னால் வந்த தொகுப்புகள் 'பென் பல்பன்' கவிதையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டன. கல்லறை வாசகத்தோடு முடிகிற கவிதை ஆயிற்றே, கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் நினைத்த முடிவான 'பாலிடிக்ஸ்' கவிதையில், உலக அரசியல் பேச்சு காதில் ஏறாமல், எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்து இளமைக்கு ஏங்குகிறான் ஒருவன். புத்தகத்தின் முகமே மாறிவிடுகிறது!

குடியாத்தத்தில் எங்கள் தாத்தா தறிக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் வெண்பா எழுதி வைத்திருந்தார். அவர் போனபிறகு அச்சடித்தோம். வள்ளிமலை முருகன் பாட்டை முதலில் போட்டோம், அதுதானே முறை என்று. அப்புறம் நோட்டை நிதானமாகப் புரட்டினால், ஒவ்வொரு பாட்டின் மூலையிலும் பென்சிலில் வரிசை எண். ஒன்றாம் எண், பாட்டி கிண்டிய கேழ்வரகுக் களிக்கு.