மூன்று வருஷம் மூத்த ஊர்

(ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானின் ரயில் நிலையம். அதே நாட்டின் இன்னொரு நகரமான கியூம்ரியிலிருந்து வந்த வண்டியிலிருந்து காரோவும் அவர் மனைவி அனாஹித்தும் இறங்குகிறார்கள். அவர் கியூம்ரிக்காரர். அவளுக்குப் பிறந்த ஊர் யெரெவான். மற்றபடி சண்டைக்குக் காரணம் எதுவும் இல்லை.)

அனாஹித்: வெளியே வந்து ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள். 1956-இல் கட்டியது. கோபுரம் எப்படி?

காரோ: உயரம்தான். ஆனால் எங்கள் ஊருக்கு 1899-லேயே ரயில் வந்தாச்சு. உங்களுக்கு 1902-இல்தான். அதுவும் எங்கள் ஊர் வழியாக!

அனாஹித்: கல்யாணத்தன்று ஆரம்பித்தீர்கள். அந்த மூன்று வருஷம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

காரோ: உச்சியில் என்ன, சோவியத் சின்னமா? சோவியத்தே போய்விட்டது, இதை யாரும் கழற்றவில்லையா?

அனாஹித்: உங்கள் அப்பாவின் பாடாத ரேடியோவை நம் வீட்டில் யாராவது கழற்றினார்களா?

காரோ: அது வேறு. சரி, அரண்மனை மாதிரி மண்டபம் இருக்கிறது, ரயிலைத்தான் காணோம்.

அனாஹித்: துருக்கி எல்லையை 1993-இல் மூடிவிட்டார்கள், அந்தப் பக்கத்துக் கார்ஸ் நகருக்குப் போக வழியில்லை. அஜர்பைஜானின் பாகு பக்கமும் அடைப்பு. வெளிநாடு என்றால் ஜார்ஜியா மட்டும்தான்.

காரோ: அந்தக் கார்ஸ் பாதையும் எங்கள் ஊர் வழியாகத்தான்.

அனாஹித்: தெரியும்! வாங்க, சிலையைப் பார்ப்போம்.

(நிலையத்தின் முன்னால் ஆர்மீனியக் காவிய வீரன் சாசூன் தாவித்தின் சிலை. குதிரை பாய்கிறது, வாள் நீள்கிறது.)

காரோ: இதைக் குறை சொல்ல முடியாது. சிற்பி கோச்சார் 1939-இல் ஒன்று செய்தார். அவரைச் சிறையில் போட்டு, சிலையையும் உடைத்தார்கள். மனுஷன் விடவில்லை, 1959-இல் மறுபடி செய்தார்.

அனாஹித்: குதிரையின் காலடியில் கிண்ணம் கவிழ்ந்து தண்ணீர் வழிகிறதே, பார்த்தீர்களா? மக்களின் பொறுமை நிரம்பி வழிகிறதாம்.

காரோ: அடடா.

அனாஹித்: நம் வீட்டிலும் அப்படி ஒரு கிண்ணம் இருக்கிறது. விளிம்பு வரை வந்தாச்சு.

(காரோ நடந்தே போகலாம் என்கிறார். அனாஹித் டாக்சியைக் கைகாட்டுகிறாள். எரெபுனி, யெரெவான் நகரம் தோன்றிய பழைய கோட்டை; மலையடிவாரத்து அருங்காட்சியகம்.)

காரோ: இந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது?

அனாஹித்: உரார்ட்டு என்ற பழைய ராஜ்யத்தின் மன்னர் அர்கிஷ்டி கி.மு. 782-இல் கோட்டை கட்டினாராம். கல் 1950-இல் இந்த மலையில்தான் கிடைத்தது. ரோமாபுரி கி.மு. 753. ஆக நாங்கள் ரோமுக்கு 29 வருஷம் மூத்தவர்கள். நீங்கள் மூன்று வருஷத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் குதித்தீர்கள்!

காரோ: (சற்று யோசித்து) கோட்டையைக் கட்டி அதில் யாரைக் குடிவைத்தார்?

அனாஹித்: வெளித் தேசங்களிலிருந்து கொண்டுவந்த 6,600 போர்வீரர்களை.

காரோ: பார்த்தாயா! ஆரம்பத்திலிருந்தே உங்கள் ஊரில் உள்ளூர்க்காரன் ஒருத்தனும் கிடையாது!

அனாஹித்: சரிதான். என் முன்னோர் கோட்டையைப் பார்த்துக்கொள்ள நானே இருந்துவிடுகிறேன். நீங்கள் சாயங்கால வண்டியில் ஊருக்குப் போய், நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள்.

காரோ: தாராளமாக. எங்கள் ஊரில் ஆண்களுக்கும் சமைக்கத் தெரியும்... வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?

அனாஹித்: கோட்டைக்குள்ளே.