கடைய வித்துட்டு அதே கடைக்கு வாடகை கட்டின கதை

இங்க பிரிட்டன்ல ஒரு பழைய கடை மூடுதுன்னா போதும், நம்ம வாட்சப் குரூப்ல யாராவது ஒருத்தர் "எல்லாம் அமேசான் பண்ற வேலை"ன்னு போட்டுருவார், கீழ அஞ்சாறு அழுகுற எமோஜி விழும், அதோட இரங்கல் கூட்டம் கலைஞ்சிரும். எனக்கு ரொம்ப நாளா இதுல ஒரு எரிச்சல்.

2008 டிசம்பர். நான் லண்டன் வந்து ரெண்டாவது குளிர்காலம். வூல்வொர்த்ஸ்னு ஊருக்கு ஊர் கிளை வெச்சிருந்த பழைய கடை, மொத்தமா மூடுறாங்க, எல்லாம் பாதி விலைன்னு ரூம்மேட் சொன்னான்னு போனேன். பாதி ஷெல்ஃப் காலி. பிக் அண்ட் மிக்ஸ்னு நாமளே கலந்து அள்ளிக்கிற மிட்டாய் டப்பாவுல அடியில சர்க்கரைத் தூள் மட்டும் ஒட்டிட்டு இருக்கு. டிவிடி அடுக்கியிருந்த கம்பி ஸ்டாண்டு மேலயே விலை எழுதி ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க, அதாவது ஸ்டாண்டும் விற்பனைக்கு. கல்லால நின்ன அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், ஒரு ஆளு இன்னும் கொறைங்கன்னு அவங்ககிட்ட பேரம் பேசிட்டு நிக்கிறான், அவங்க முகம் சுளிக்காம அவன் சாமான பையில போட்டுத் தர்றாங்க. ஜனவரி பொறந்தா அவங்களுக்கு வேலை இல்ல.

அவங்க ஒருத்தருக்கு மட்டும் இல்ல, சுமார் 27,000 பேருக்கு. 807 கடை. 1909 நவம்பர்ல லிவர்பூல் சர்ச் ஸ்ட்ரீட்ல முதல் கடைய திறந்தப்போ மூணு பென்னி, ஆறு பென்னி, அதுக்கு மேல எந்தப் பொருளும் கிடையாதுன்னு வித்த கம்பெனி, ரெண்டு உலகப் போரையும் தாண்டி வந்தது, 2009 ஜனவரி 6ம் தேதி கடைசி கதவும் இழுத்துப் பூட்டிட்டாங்க.

சரி, ஆன்லைன்தான் காரணமா? அதுவும் ஒரு காரணம்தான், இல்லைன்னு சொல்லல. சூப்பர் மார்க்கெட்காரன் பாலு ரொட்டியோட சிடி, பொம்மை, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் விக்க ஆரம்பிச்சதும் ஒரு காரணம். கடை மேலயும் தப்பு இருந்துச்சு, உள்ள போனா இது எதுக்கான கடைன்னே புரியாது, ஒரு பக்கம் பெயிண்ட் டப்பா, ஒரு பக்கம் மிட்டாய், நடுவுல குழந்தை சட்டை. ஆனா யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கு.

2001ல வூல்வொர்த்ஸ தனியா பிரிச்சு விட்டது கிங்ஃபிஷர்ங்கிற தாய்க் கம்பெனி (நம்ம ஊர் பீர் கம்பெனி இல்ல, இது வேற). பிரிக்கிறதுக்கு முன்னாடி 182 கடைக் கட்டடத்த 614 மில்லியன் பவுண்டுக்கு வித்துட்டாங்க. வித்துட்டு அதே கட்டடத்துல வாடகைக்கு உக்காந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்டுல ஒருத்தர் குடியிருக்கிற வீட்ட வித்துட்டு அதே வீட்டுல வாடகைக்கு இருக்கேன்னு சொன்னா சித்தப்பா பெரியப்பா எல்லாம் கூடி என்ன பேச்சு பேசுவாங்க? இங்க அதுக்குப் பேரு சேல் அண்ட் லீஸ்பேக், கோட்டு போட்டு சொன்னா புத்திசாலித்தனம்.

இந்த ஊர் கடை வாடகை வேற ஒரு ரகம். பழைய ஒப்பந்தம் நிறையதுல வாடகைய மறுபடி பேசும்போது மேல மட்டும்தான் போகும், ஏவாரம் படுத்தாலும் கீழ இறங்காது. அதுவும் மூணு மாச வாடகை முன்கூட்டியே, மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25னு நாள் குறிச்சு கட்டணும். ஆமா, கிறிஸ்மஸ் அன்னைக்கு! கஷ்டத்துல இருக்கிற கடை இந்தத் தேதிகள ஒட்டித்தான் பெரும்பாலும் கவுறும். வூல்வொர்த்ஸ் விஷயத்துல கடை பணம் தராட்டி சரக்கு அனுப்புறவங்களுக்கு ஈடு கட்டுற கடன் இன்சூரன்ஸையும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிறுத்திட்டாங்க, உடனே சரக்கு அனுப்புறவங்க ரொக்கம் வெச்சாதான் சரக்குன்னுட்டாங்க, கிறிஸ்மஸ் சீசன் பாத்து கையில ரொக்கம் இல்ல. நவம்பர் 26ம் தேதி திவால் நிர்வாகிகள் கைக்குப் போயிருச்சு.

ஒரு கடைன்னா விதின்னு விடலாம். டெபன்ஹாம்ஸ்ங்கிற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்? அதை வாங்கின முதலீட்டுக் கம்பெனிகள் 2005ல 23 கடைய 495 மில்லியனுக்கு வித்து, முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்த அது தலையில கட்டுனாங்க, 2021ல கதை முடிஞ்சுது. பிஎச்எஸ்ங்கிற இன்னொரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் 2015ல ஒத்த பவுண்டுக்கு கைமாறி அடுத்த வருஷமே மூடுச்சு, பென்ஷன் நிதியில விழுந்த ஓட்டைக்கு பாராளுமன்ற கமிட்டி வரைக்கும் பஞ்சாயத்து. புத்தகம், பேனா விக்கிற டபிள்யூ எச் ஸ்மித் 2025ல தெருக்கடைகள வித்துட்டு பேர மட்டும் ஏர்போர்ட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

இதுல என் பங்கும் இருக்கு, மறைக்கல. வூல்வொர்த்ஸுக்கு நான் போனதே மூணு தடவை, அதுல ஒண்ணு கடை மூடுற சேலுக்கு. அழுகுற எமோஜி போட எனக்கு யோக்கியதை இல்ல, அதான் போடல.

அந்தக் கம்பி ஸ்டாண்ட நான்தான் வாங்கிட்டு வந்தேன். இப்போ கிச்சன்ல வெங்காயம் உருளைக்கிழங்கு அதுலதான் கிடக்கு. அந்த விலை ஸ்டிக்கர எத்தனை தடவை சுரண்டியும் பாதிதான் வந்துச்சு.